சபையும் அழைப்பும்

ஒருவரை நேரிற் கண்டு, "ஞாயிற்றுக்கிழமை எம்முடன் கோயிலுக்கு வாரும்" என்று அழைத்தல் மிக எளிய செயலாகத் தோன்றும். அதற்குப் புலமை வேண்டா, பொருள் வேண்டா, மேடையும் வேண்டா. ஆயினும், கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த நம்மிற் பலர் இதுகாறும் ஒருவரையேனும் அங்ஙனம் அழைத்ததில்லை. சங்கக் கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் பந்தாட்டத்துக்கும் நண்பரைக் கையைப் பிடித்திழுத்துச் செல்லும் யாம், கோயில் வாயிலுக்கு மட்டும் தனியே செல்கின்றோம். இதற்குக் காரணம் யாது? அழைத்தலாவது யாது? அழைத்தபின் நாம் செய்யக் கடவது யாது? இவற்றை, எம் பிறப்பிடமாகிய உத்திரமேரூர்ப் பக்கத்தை முன்வைத்து, எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குறை காணின் ஆசிரியரும் தோழரும் பொறுத்தருள்க.

1. சபை என்னும் சொல்

காஞ்சிபுரத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே உள்ளது உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. அவன் ஆட்சியின் 12ஆம் ஆண்டாகிய கி.பி. 919இல் ஒன்றும், 14ஆம் ஆண்டாகிய 921இல் மற்றொன்றும் பொறிக்கப்பட்டன. குடவோலைத் தேர்தலைப் பள்ளியிற் படித்தார் யாவரும் இவற்றை அறிவர். ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். பெரியோரும் சிறியோரும் கூடியிருந்த அவையின் நடுவே, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அங்ஙனம் பெயர் வந்தோரே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் ஓராண்டு பணி செய்தனர்.

ஓலையிற் பெயர் எழுதப்படுதற்கு வேண்டிய தகுதிகளையும் அக்கல்லே கூறுகின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையிலே வீடு கட்டியிருத்தல் வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் ஆதல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாது போனவர் விலக்கப்பட்டனர். அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகட்கு முன்னர்ப் பொதுப்பணத்தின் தூய்மையில் இத்துணைக் கருத்துச் செலுத்திய ஊர் எம் ஊர்ப்பக்கத்தது என்பதில் யாமும் பெருமை கொள்கின்றோம். ஆனால், நிலமில்லாதார், மனையில்லாதார், மறை ஓதாதார், பெண்டிர் ஆகியோர் பெயரை எழுத அங்கே ஓலை இல்லை என்பதையும் அக்கல் மறைக்கவில்லை.

அவ்வவையார் தம்மைக் குறிக்க வழங்கிய சொல் 'சபையோம்' என்பது. தமிழ் பயிலும் கிறிஸ்தவ மாணவர் இச்சொல்லைக் கல்லிற் காணும்போது சற்றே நின்றுவிடுகின்றனர். என்னை? நாமும் நம்மைச் சபையார் என்கின்றோம். நம் கூட்டத்தைத் திருச்சபை என்கின்றோம். கால் வேலி நிலமுடையார் கூடிய அவைக்கு வழங்கிய பெயரும், ஞாயிறுதோறும் பாய் விரித்துக் கூடும் நம் சிற்றூர்க் கூட்டத்துக்கு வழங்கும் பெயரும் ஒன்றே.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த புதுமையன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் சபையைக் குறிக்கும் சொல் 'எக்ளேசியா' என்பது. 'வெளியே அழைக்கப்பட்டோர்' என்பது அதன் பகுதிப்பொருள். ஏதென்ஸ் முதலிய நகரங்களில், அழைப்புக் கேட்டு வீட்டினின்றும் வெளிவந்து கூடிய குடிமக்கள் அவைக்கு அது பெயராய் வழங்கிற்று. அவ்வவையிலும் பெண்டிர்க்கும் அடிமைகட்கும் அயலூரார்க்கும் இடமில்லை. அங்ஙனம் தகுதியுடையார்க்கே உரியதாயிருந்த சொல்லை ஆதிக் கிறிஸ்தவர் எடுத்துத் தம் கூட்டத்துக்குச் சூட்டினர். அக்கூட்டத்தில் அடிமையும் தலைவனும், ஆணும் பெண்ணும், யூதனும் கிரேக்கனும் ஒருங்கு அமர்ந்தனர். சொல் பழையது, பொருள் புதியது. தகுதியால் அமைந்த சபை, அழைப்பால் அமையும் சபையாயிற்று. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை என்க.

2. முதல் அழைப்புக்கள்

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டு அழைப்புக்கள் அடுத்தடுத்து வருகின்றன. இயேசுவோடு ஒருநாள் தங்கிய அந்திரேயா, முதலாவது தன் உடன்பிறந்தானாகிய சீமோனைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் அழைத்து வந்தான். பிலிப்பு தன் நண்பனாகிய நாத்தான்வேலைத் தேடிப் போனான். நாசரேத்து என்னும் சிற்றூரின் பெயரைக் கேட்டதும் நாத்தான்வேல் முகஞ்சுளித்தான். அவ்வூரினின்றும் நன்மை வருமோ என்று வினவினான். பிலிப்பு வாதிடவில்லை, வந்து நீயே காண் என்ற பொருள்பட ஒரு சொற் கூறி நின்றான். தன்னால் விடையிறுக்க இயலாததைத் தன் ஆண்டவரைக் கண்டு தெரிந்துகொள்ளுமாறு விட்டுவிட்டான். அழைப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய அடக்கம் இது.

நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணோ, ஊராரால் மதிக்கப்படாதவள். அவள் குடத்தைக் கிணற்றங்கரையிலே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, தன்னை ஒதுக்கிய மக்களையே அழைத்தாள், அவர்களும் வந்தனர்.

அந்திரேயாவின் பெயர் அச்சுவிசேஷத்தில் அதன்பின்னும் இருமுறை சிறந்து காணப்படுகின்றது. அப்பமும் மீனும் வைத்திருந்த சிறுவனை ஆண்டவர்க்குக் காட்டினவன் அவனே. கிரேக்கர் சிலர் இயேசுவைக் காண விரும்பியபோது பிலிப்போடு சென்று அதனை அறிவித்தவனும் அவனே. அவன் பெருங்கூட்டத்துக்குப் பிரசங்கித்ததாக அந்நூலில் எங்கும் காணோம். ஒவ்வொருவராக அழைத்து வந்ததையே காண்கின்றோம். ஸ்காத்லாந்து நாட்டார் இவனையே தம் காவற் புனிதனாகக் கொண்டுள்ளனர். சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட அவர்கள் கோயிலும் இவன் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1837இல் சென்னையில் பள்ளித் தொண்டைத் தொடங்கிப் பின்னர்க் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைப் பள்ளிகளை நிறுவிய ஜான் ஆண்டர்சனும் அந்நாட்டவரே. எம் பக்கத்துக்குக் கல்வியும் சுவிசேஷமும் பெரும்பாலும் அந்திரேயாவின் நாட்டார் வழியே வந்தன என்னலாம்.

3. நம் நாட்டில் நிகழ்ந்தவை

தமிழ்நாட்டுத் திருச்சபை பெருகியது வெளிநாட்டு மிஷனெரிமாரின் பிரசங்கத்தாலேயே என்று பலர் எண்ணுவர். வரலாறு பிறிதொன்றையும் கூறுகின்றது. கிறிஸ்துவை அறிந்த ஒருவர் தம் சுற்றத்தாரிடம் திரும்பிச் சென்று அழைத்தபோதே ஊர்கள் அசைந்தன.

திருநெல்வேலிச் சீமையிற் காலன்குடியிற் பிறந்த சின்னமுத்து என்பவர் வீட்டைவிட்டு அகன்று தஞ்சை சேர்ந்து, அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தாவீது சுந்தரானந்தம் ஆனார். பின்னர் உபதேசியாராகத் தம் நாட்டுக்குத் திரும்பித் தம் உறவின்முறையாரிடம் சென்றார். 1797இல் அவர்களிற் சில குடும்பத்தார் ஞானஸ்நானம் பெற்றனர். துன்புறுத்தப்பட்ட அவர்கட்குப் புகலிடமாக 1799இல் ஓர் ஊர் அமைந்தது, அதுவே முதலூர்.

நாஞ்சில் நாட்டு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று, மனம் நிறைவுபெறாது திரும்புங்கால் தஞ்சையில் தங்கினார். ஆங்குள்ள தேவாலயத்திற் கேட்ட உபதேசம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பிய அவர், முதலிற் செய்தது தம் உறவினரை அழைத்துத் தாம் கேட்டதைக் கூறியதே. 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தபோது, அவரை எதிர்கொள்ள ஒரு சிறு கூட்டம் முன்னரே ஆயத்தமாயிருந்தது.

தமிழ் பயில்வோர்க்கு மிக அணுக்கமான சான்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளையாவர்கள். 1827இற் பிறந்த இவர் வைணவக் குடியினர். மிஷன் பள்ளியிலே தமிழாசிரியராயிருந்தும் தம் சமயத்தில் உறுதியாய் நின்றவர். இவர் தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் இவர்க்கு முன்னரே கிறிஸ்தவராயினர். பள்ளியில் நாள்தோறும் கேட்ட பாடத்தினும், அறிந்து பழகிய அவ்விருவரின் வாழ்க்கை இவர் நெஞ்சைத் தொட்டது எனல் பொருந்தும். 1858இல் இவர் ஞானஸ்நானம் பெற்றார். அன்று தம்பியும் நண்பரும் வாளாவிருந்திருப்பின், 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' தமிழுக்குக் கிடைத்திருக்குமோ?

வெள்ளாளன்விளையிற் பிறந்து 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராகிய வே. ச. அசரியா, ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் தலைமீது கைவைத்து, சுவிசேஷத்தை அறிவித்தல் தம் கடனென உறுதிகூறுமாறு செய்தார். படித்தார்க்கும் பிரசங்கியார்க்கும் மட்டும் உரிய பணியாக அவர் அதனைக் கருதவில்லை. அவரே 1910இல் எடின்பரோவிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், இந்தியச் சபைக்கு வெளிநாட்டார் இன்னும் தராதது நட்பே என்று துணிந்து எடுத்துரைத்தவர். ஈகை வேறு, நட்பு வேறு என்பதை அன்று அவையோர் உணர்ந்தனர். அவ்வுரை வெளிநாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

இங்கிலாந்திலும் 2004இல் மான்செஸ்டர் அத்தியட்சாதீனத்தில், சபையார் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவரை நேரில் அழைத்து வருதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தனர். அவ்வழக்கம் பிற நாடுகட்கும் பரவிற்று. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் மலிந்த காலத்திலும், அறிந்த முகத்தின் அழைப்புக்கு ஈடில்லை என்பதை அவர்களும் கண்டனர் போலும்.

4. அழைப்புக்கு நேர்ந்த இடர்கள்

இனி, அழைப்பு பழுதுபட்ட இடங்களையும் மறையாது கூறுதல் வேண்டும். அவை இரண்டு: ஒன்று, தூண்டில், மற்றொன்று, வேலி.

கைம்மாறு காட்டி அழைப்பது தூண்டில். அது அழைப்பாகாது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தின் பின்னர்ப் பலர் திரளாகச் சபையிற் சேர்ந்தபோது, அரிசிக்காகச் சேர்ந்தோர் என்னும் பழிச்சொல் எழுந்தது. எம் மாவட்டத்தின் கதை சற்று வேறு. 1891இற் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர், நிலமற்ற ஆதிதிராவிட மக்களின் நிலையைக் குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை வரைந்தார். ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு ஐயர் அம்மக்கள் நிலம்பெற உழைத்து, மெல்ரோசாபுரம் முதலிய குடியிருப்புக்களை அமைத்தார். நிலம் தேடிக்கொடுத்தது நற்செயலே. ஆயின், கோயிலுக்கு வந்தாற்றான் நிலம் என்றோ, நிலம் பெற்றமையால் கோயிலுக்கு வரவேண்டும் என்றோ ஒருவர் கூறியிருப்பின், நற்செயலும் கெடும், அழைப்பும் கெடும். நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகின்றது. வலுவந்தத்தால் மதம் மாற்றுதல் அவ்வுரிமையில் அடங்காது என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'வேண்டா' என்று சொல்லும் உரிமையைப் பிறர்க்கு முழுதும் விட்டு அழைப்பதே அழைப்பு என்பது சட்டத்துக்கு முன்னரே நம் வேதம் கற்பித்த நெறியன்றோ?

வேலி என்பது சாதி. வா என்று வாயால் அழைத்து, வந்தவரை வேறிடத்தில் இருத்துவது அது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபையார் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர். 1833இல் அத்தியட்சர் டேனியல் வில்சன் அவ்வழக்கத்தை ஒழிக்குமாறு ஆணையிட்டபோது பலர் சபையைவிட்டே அகன்றனர். கத்தோலிக்கரிடையேயும் வடக்கன்குளத்தில் இரு பிரிவினர்க்கு இருபுறம் அமைத்துக் கோயில் கட்டி நடுவே சுவர் வைத்தனர். 1910இலேயே அச்சுவர் இடிக்கப்பட்டது. கல்லாற் கட்டிய சுவரை இடித்துவிடலாம். கண்ணுக்குப் புலப்படாத சுவரை என் செய்வது? அதனை யாம் எம் சொந்தச் சபையிலேயே கண்டோம். அதனைக் கூறுவதே இக்கட்டுரை எழுதத் துணிந்த காரணம்.

5. யாம் கண்டது

எம் ஊர் உத்திரமேரூரை அடுத்ததொரு சிற்றூர். எம் முன்னோர் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ள உரிமையின்றி, ஊரின் புறத்தே வாழ்ந்தவர். 'வா' என்று ஒருவர் வாய்திறந்து அழைத்ததே அவர்கள் வாழ்விற் பெரும் புதுமையாயிருந்தது என்று எம் ஆயா இன்றும் சொல்வார். அவ்வழைப்பினாலன்றோ இன்று யாம் தமிழ் கற்கக் கல்லூரியில் இருக்கின்றோம்.

எம் ஊர் ஏரிக்கரையோரம் இருளர் குடும்பங்கள் சில வாழ்கின்றன. அவர்களுள் ஒருவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். அறுவடைக் காலத்தில் எம் காணித்துண்டில் வயலெலி பிடிக்க ஆண்டுதோறும் வருவார். யாம் சிறுவயது முதல் அவரை 'அண்ணா' என்றே அழைத்து வந்தோம். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, கல்லூரியிற் கேட்ட ஒரு பிரசங்கத்தால் தூண்டப்பெற்று, "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள்" என்று அவரை அழைத்தோம். எமக்கு அன்று மிக்க மகிழ்ச்சி. ஒரு பெருஞ்செயல் செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டோம்.

அவர் வந்தார். மனைவியோடும் இரு குழந்தைகளோடும் குளித்துத் தூய ஆடையுடுத்து வந்தார். பாயின் ஓரத்தில் அமர்ந்தார். அப்போது அப்பாயில் இருந்தோர் இருவர், ஏதோ காற்றுக்காகப் போல, எழுந்து அப்பால் நகர்ந்தனர். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சற்றே பார்த்தார். குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று வாயிற்படியருகே அமர்ந்துகொண்டார். அன்று யாம் பாட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி முன்வரிசையில் நின்றிருந்தோம். கண்டோம், இருந்த இடத்திலேயே இருந்தோம். எழுந்து சென்று அவரருகே அமர எமக்குக் கால் எழவில்லை. இதனை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஏரிக்கரைக்குச் சென்று கேட்டோம். அவர் சினந்தாரல்லர். சிரித்துக்கொண்டே, "தம்பி, கோயிலுக்குக் கூப்பிட்டீர்கள், வந்தேன். ஆனால், இத்தனை வருஷம் உங்கள் வாசலிலே தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், ஒரு நாளும் உங்கள் வீட்டுக்குள்ளே கூப்பிட்டதில்லையே" என்றார்.

யாம் படித்த வேதபாடங்கள் யாவும் அச்சொல்லின் முன் வாயடைத்து நின்றன. யாக்கோபு தம் நிருபத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிடமும் கந்தையுடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துரைத்தது எம்மையே என்றுணர்ந்தோம். கால் வேலி நிலம் கேட்ட உத்திரமேரூர்ச் சபையைக் குறைகூற எமக்கு என்ன தகுதி? அவர்கள் தம் விதியைக் கல்லில் வெளிப்பட எழுதினர். நாமோ எழுதாமலே வைத்திருந்தோம். மேலும், எவர் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனரோ அவர் பேரப்பிள்ளைகளே உள்ளே வந்தபின் கதவைச் சாத்தினோம்.

வீடு திரும்பி ஆயாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நாளைக்கு அவர்கள் நம் வீட்டில் சாப்பிடட்டும், நீயே போய்ச் சொல்" என்றார். மறுநாள் அவர்கள் வந்து எம் கூடத்தில் எம்மோடு அமர்ந்து உண்டனர். அடுத்த ஞாயிறு ஆயா முழங்கால் வலியோடு கோயிலுக்கு நடந்து, தாம் வழக்கமாக அமரும் பெஞ்சை விட்டு, வாயிற்படியருகே பாயில் அவர் மனைவியின் பக்கத்தில் அமர்ந்தார். ஒருவரும் அன்று எழுந்து நகரவில்லை. ஆயாவைக் கண்டு வேறு இருவரும் அங்கே வந்து அமர்ந்தனர்.

மாசி மாதத்தில் அவர் எம்மை அழைத்தார். மாசிமகத்தன்று இருளர் குடும்பங்கள் பலவிடங்களினின்றும் மாமல்லபுரம் கடற்கரையிற் கூடித் தங்கி, தம் கன்னியம்மனை வழிபடுவது வழக்கம். "நான் உங்கள் கோயிலுக்கு வந்தேன், நீங்கள் எங்கள் கூட்டத்துக்கு வருவீர்களா?" என்றார். எமக்கு முதலில் தடுமாற்றம் உண்டாயிற்று. ஆயா, "அழைத்தவன் அழைப்பை மறுக்கலாமா? போய்விட்டு வா, கும்பிடுவது அவரவர் மனம்" என்றார். சென்றோம். நிலவொளியில் அம்மணலில் அவர்களோடு இருந்து உண்டோம். அவர்கள் வழிபட்டபோது மரியாதையோடு அருகே நின்றோம். அவரும் எம்மை வற்புறுத்தவில்லை. எம் கோயிலிலே அவர் அமைதியாயிருந்ததன் அருமையை அன்றே அறிந்தோம்.

அவர் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. சில ஞாயிறுகளில் வருகின்றார். சில ஞாயிறுகளில் வருவதில்லை. அவர் மகள் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து பாடுகின்றாள். இவற்றை வெற்றிக் கணக்காக யாம் எழுதவில்லை. அழைக்கப்பட்டவர் அவர் என்றே எண்ணியிருந்தோம்; உண்மையில் மனந்திரும்ப அழைக்கப்பட்டவர் யாமே.

6. அழைக்கும் முறை

இவற்றால் யாம் கற்றவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, நேரிற் செல்லுக. திருமணத்துக்குத் தபாலில் மட்டும் பத்திரிகை அனுப்பினால் நம் உறவினர் முகம் வாடுகின்றது; வீடுதேடிச் சென்று வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பதே அழைப்பு என்பது தமிழர் வழக்கு. கலியாண விருந்துக்கு உரிய மதிப்பை ஆண்டவர் விருந்துக்கு அளிக்கலாகாதோ?

இரண்டாவது, கோயிலுக்கு முன் வீட்டுக்கு அழைக்குக. தன் கூடத்தில் இடங்கொடாதவர் கர்த்தரின் கூடத்தில் இடமுண்டு என்றால் எவர் நம்புவர்?

மூன்றாவது, அழைத்தவர் உடன் அமர்க. வாயில்வரை கொணர்ந்து விட்டுவிடற்க. எப்போது எழுவது, எப்போது அமர்வது, பாட்டு எந்தப் பக்கம் என்பன புதியவர்க்குத் தெரியா. விருந்தோம்பலுக்கென ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவர், விருந்தினர் உள்ளம் மலரினும் மெல்லியது என்றும், அழைத்தவர் முகம் திரிந்தாலே அது வாடும் என்றும் உணர்த்தினார். பாயினின்றும் எழுந்து நகர்தல் முகந்திரிதலினும் கொடிது.

நான்காவது, வாதிடற்க, கைம்மாறு காட்டற்க, மறுத்தவரை வெறுக்கற்க. வாராதவரும் நண்பரே. வந்தால் நட்பு, வாராவிடிற் பகை என்றால், முதலிலிருந்தே அது நட்பன்று.

ஐந்தாவது, அவர் அழைப்பையும் ஏற்குக. ஒருவழியாகவே செல்லும் அழைப்பு நாளடைவில் ஆணையாகிவிடும்.

முடிவுரை

லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்துக்கதையை நாம் அறிவோம். நிலம் வாங்கினவனும் எருது வாங்கினவனும் மணம் முடித்தவனும் வாராது ஒழிய, தெருக்களிலும் வேலியோரங்களிலும் இருந்தவர்களைக்கொண்டு வீட்டை நிரப்பினான் விருந்திட்டவன். அக்கதையைப் படிக்கும்போது நம்மை அழைக்க அனுப்பப்பட்ட ஊழியனாக எண்ணி மகிழ்கின்றோம். யாரும் நம் பெயரை ஓலையில் எழுதாதிருந்த காலத்தில் வேலியோரத்தினின்றும் அழைத்துவரப்பட்டவர் நாமே என்பதை மறந்துவிடுகின்றோம். அந்நினைவு ஒன்றே நம்மைச் சற்று நகர்ந்து அமரச் செய்யும்.

உத்திரமேரூர்ச் சபையில் ஓலைக்கு அளவிருந்தது. திருச்சபையில் பாய்க்கு அளவில்லை. வரும் விடுமுறையில் ஊர் செல்லும் தோழர் ஒவ்வொருவரும் ஒருவரையேனும் அழைப்பாராக. அழைக்குமுன், அமரும் பாயில் ஓரிடம் ஒழித்து வைப்பாராக.